ஊர்ச்சாலையில் வேகத்தைக் கண்காணிக்கும் தன்னார்வக் குழுவில் சேரலாமா?

லண்டனிலிருந்து இங்கிலாந்தின் ஒரு சிறிய கிராமத்துக்கு அண்மையில் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஊரின் நடுவே செல்லும் சாலையில் மணிக்கு 30 மைல் என்று வேக வரம்பு இருந்தும் கார்களும் வேன்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை, இதற்காக ஊர் மன்றமான பாரிஷ் கவுன்சில், சாலையோரம் நின்று வண்டிகளின் வேகத்தை அளந்து காவல்துறைக்குத் தெரிவிக்கும் 'கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச்' குழு ஒன்றைத் தொடங்கத் தன்னார்வலர்களைத் தேடுகிறது, அதில் சேர்வதால் உண்மையிலேயே பயன் உண்டா, அந்தக் குழுவுக்குச் சட்டப்படி என்ன அதிகாரம், வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் சாலையோரம் நின்று அடுத்தவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வது வீண் வம்பில் போய் முடியுமா?

தெற்கு இங்கிலாந்தில் இப்படி ஒரு குழுவில் சில ஆண்டுகளாக இருந்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேருங்கள். அதிகாரம் என்று எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் அனுப்பும் விவரத்தின்பேரில் ஓட்டுநர்களுக்குப் போகும் எச்சரிக்கைக் கடிதத்தால் விளையும் பயனும் பலர் நினைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் ஒழுங்காக எழுதிவைக்கப்படும் பதிவேடு ஓர் ஊரின் கையில் இருந்தால், அதுவரை காது கொடுத்துக் கேட்காத அலுவலகங்கள் கேட்கத் தொடங்குகின்றன. இந்தப் பணியின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அதிகாரத்தைப் பற்றி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 வட்டாரக் காவல்துறைகள் இருக்கின்றன. ஸ்பீட்வாட்ச் விதிகளை ஒவ்வொன்றும் தனித்தனியாக வகுத்துக்கொள்வதால், நான் சொல்பவற்றில் சிறு வேறுபாடுகள் உங்கள் பகுதியில் இருக்கலாம். பொதுவான அமைப்பு ஒன்றுதான். காவல்துறை தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. எந்தெந்த இடத்தில் நிற்கலாம் என்பதை நேரில் பார்த்தோ வரைபடத்தின் துணையோடோ ஆராய்ந்து ஒப்புதல் தருகிறது. பதிவான விவரங்களை வாங்கிக்கொண்டு மேல்நடவடிக்கையைத் தானே எடுக்கிறது. தன்னார்வலர் வண்டியை நிறுத்தச் சொல்ல முடியாது, அபராதம் விதிக்க முடியாது, ஓட்டுநரிடம் பேசவேண்டிய தேவையே கிடையாது. குழு குறித்த வேகத்தை வைத்து வழக்கும் தொடர முடியாது. வேகக் குற்றத்துக்குச் சான்றாக வைக்கப்படும் கருவி உள்துறை அமைச்சகம் சோதித்து ஒப்புதல் தந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். குற்றம் நடந்த 14 நாட்களுக்குள் அறிவிப்பு போய்ச் சேரவேண்டும். அதன் பிறகுதான் குறைந்தபட்சம் 100 பவுண்டு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டப் புள்ளிகளும், அல்லது அவற்றுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பும். ஸ்பீட்வாட்ச் கடிதம் இந்தப் பாதையில் வருவதே இல்லை. அது ஓர் அறிவுரை. அதைப் பெற்றவருக்கு அபராதமும் இல்லை, புள்ளியும் இல்லை.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உங்கள் தயக்கத்துக்கும் விடை கிடைக்கும். பல காவல்துறைகளில் ஒரு முறைக்குக் குறைந்தது மூவர் இருக்கவேண்டும். பகல் வெளிச்சத்தில், நல்ல பார்வைத் தெளிவு உள்ள நேரத்தில், பளிச்சென்று தெரியும் மஞ்சள் மேலங்கியோடு, ஒப்புதல் பெற்ற இடத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்போம். ஒருவர் ரேடார் துப்பாக்கியை வரும் வண்டியின்மேல் பிடித்து வேகத்தை உரக்கச் சொல்வார். இரண்டாமவர் எண் தகட்டைப் படிப்பார். இங்கே 2001-க்குப் பிறகு பதிவான வண்டிகளில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், மூன்று எழுத்து என்பது வழக்கம் என்பதால், காதில் தவறாக விழாமலிருக்க எழுத்துகளை 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்ற முறையில் சொல்லிக்கொள்வோம். மூன்றாமவர் எண், வேகம், நேரம், வண்டியின் தயாரிப்பு, நிறம், சென்ற திசை அனைத்தையும் எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். எண்ணில் ஓர் எழுத்து ஐயமாக இருந்தாலும் அந்தப் பதிவை அடித்துவிடவேண்டும் என்பது விதி. ஊகித்து நிரப்புவது கூடவே கூடாது.

நிறத்தையும் தயாரிப்பையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காவல்துறை அந்த எண்ணை ஓட்டுநர், வாகன உரிம முகமையான டிவிஎல்ஏ-யின் பதிவோடு ஒப்பிடும்போது, நாம் 'நீல ஃபோர்டு' என்று எழுதிய எண்ணுக்கு அங்கே 'வெள்ளை டொயோட்டா' என்று இருந்தால், எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று அந்தப் பதிவு நீக்கப்படும். நாம் படித்தது சரிதான் என்றால், போலித் தகடு மாட்டிய வண்டியாகவும் அது இருக்கக்கூடும். அதைக் கவனிப்பது காவல்துறையின் வேலை.

எத்தனை மைலுக்கு மேல் எழுதுவது என்பதிலும் ஒரு நிதானம் உண்டு. 30 மைல் வரம்பில் 31-இல் வந்தவரை யாரும் குறிப்பதில்லை. வரம்போடு பத்து சதவீதமும் அதற்குமேல் இரண்டு மைலும் சேர்த்து, அதாவது 35-இலிருந்து நடவடிக்கை எடுப்பது என்பது இங்கிலாந்துக் காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல். பெரும்பாலான ஸ்பீட்வாட்ச் குழுக்களும் ஏறக்குறைய இதே அளவைப் பின்பற்றுகின்றன. இதில் ஓட்டுநருக்கு வேறு இரண்டு சலுகைகளும் இயல்பாகவே அடங்கியிருக்கின்றன. ரேடார் கருவி வண்டி வரும் கோட்டுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும்போது உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும்; 20 பாகை சாய்ந்திருந்தால் 40 மைலில் வரும் வண்டி ஏறக்குறைய 37½ என்று பதிவாகும். வண்டிக்குள் இருக்கும் வேகமானியோ சட்டப்படி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாமே தவிரக் குறைத்துக் காட்டக் கூடாது. எனவே நம் கருவியில் 36 என்று விழுந்தவர், தன் முன்னால் இருக்கும் முள் அந்த 36-லோ அதற்கும் மேலோ நிற்பதைப் பார்க்கும் நிலையில்தான் ஓட்டிவந்திருக்கிறார். "கருவி பொய் சொல்கிறது" என்று கோபிப்பவர்களுக்கு நான் அமைதியாக எடுத்துச் சொல்வது இதைத்தான்.

ஐந்தாறு மைல் கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கணக்கோடு சொல்லவேண்டியிருக்கிறது. பிரிட்டனின் சாலைவிதி நூலில் உள்ள அட்டவணைப்படி 30 மைலில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணரும் 9 மீட்டரும் பிரேக் பிடிக்கும் 14 மீட்டரும் சேர்த்து 23 மீட்டரில் நிற்கும். 40 மைலில் வருவது 12-உம் 24-உமாக 36 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டு கார்களும் ஒரே இடத்தில் ஒரே குழந்தையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த 23-ஆவது மீட்டரில் இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் இருக்கும் என்று இதே எண்களைக் கொண்டு கணக்கிட்டால், ஏறக்குறைய 29 மைல் என்று விடை வருகிறது. நடைபாதையே இல்லாத, வேலியோரமாகவே பள்ளிப் பிள்ளைகள் நடந்து வருகிற ஆங்கிலக் கிராமச் சாலைகளில் இந்த வேறுபாடு வெறும் எண் அல்ல. இத்தனைக்கும் அந்த வேகத்தால் ஓட்டுநர் மிச்சப்படுத்துவது எவ்வளவு? 600 மீட்டர் நீளமுள்ள ஊரைக் கடப்பதில் 40 மைலில் போகிறவர் 30 மைலில் போகிறவரைவிட 11 விநாடி முந்துகிறார்.

கிராமங்களில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்குச் சாலையின் அமைப்பே காரணம். ஊருக்கு வெளியே, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் கார்களுக்கான பொது வரம்பு 60 மைல். அந்த வேகத்திலேயே பல மைல் வந்தவருக்கு, 30 என்ற வட்டப் பலகையைக் கண்டதும் பாதியாகக் குறைத்தால் வண்டி ஊர்வதுபோலத் தோன்றும். கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தும். விளக்குக் கம்பங்கள் வரிசையாக உள்ள சாலையில் பலகை இல்லாவிட்டாலும் 30 என்பதே சட்டம் என்ற ஏற்பாடு 1935 மார்ச் முதல் இருந்துவந்தாலும், பல கிராமங்களில் தெருவிளக்கே கிடையாது. அங்கெல்லாம் நுழைவாயிலில் இருக்கும் பலகைகளும் இடையிடையே உள்ள சிறு நினைவூட்டல் பலகைகளும்தான் வரம்பைச் சொல்கின்றன. அவற்றை வேலிச் செடி மூடியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குழு முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஊரின் எல்லா நுழைவாயில்களுக்கும் நடந்துபோய், மறைந்திருக்கும் பலகைகளைப் படம் எடுத்து நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்புவதாகவே இருக்கலாம்.

இனி, பயன் உண்டா என்ற கேள்வி. நாங்கள் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் வேகம் குறைகிறது. இதில் ஐயமே இல்லை. மஞ்சள் அங்கியைக் கண்டதும் முன்பகுதி லேசாக அமுங்கி, வண்டி பிரேக் பிடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு? கடிதம் கிடைத்தவர்களில் பலர் உண்மையிலேயே வெட்கப்பட்டுத் திருந்துகிறார்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் பதிவாகிறவர்களில் கணிசமானோர் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர்கள். "உங்கள் வண்டி இன்ன நாளில் இன்ன சாலையில் இன்ன வேகத்தில் சென்றது" என்று காவல்துறை முத்திரையோடு வரும் தாளை வீட்டில் மற்றவர்களும் பார்ப்பார்கள். நிறுவன வண்டியாக இருந்தால் கடிதம் நிறுவனத்துக்குப் போகும். வேன் ஓட்டுநருக்கு அது காவல்துறைக் கடிதத்தைவிடக் கடுமையாகவே உறைக்கும். இரண்டாவது முறை பிடிபட்டால் கடுமையான கடிதம். அதன்பின்னும் தொடர்ந்தால் பல பகுதிகளில் காவலர் வீடு தேடி வருவார், அல்லது அந்த வண்டி வழக்கமாகச் செல்லும் நேரத்தில் முறையான கருவியோடு காத்திருப்பார். எத்தனையாவது முறையில் எது என்பது காவல்துறைக்குக் காவல்துறை மாறும்.

ஆனால் ஊரைக் கடந்துபோகிற, இனி ஒருபோதும் இந்தப் பக்கம் வராத ஓட்டுநரைக் கடிதம் மாற்றாது. 50 மைலில் ஊருக்குள் வருகிற பிடிவாதக்காரரையும் மாற்றாது. 'உங்கள் வேகம்' என்று காட்டும் மின்பலகைகளின் கதையும் இதேதான்: வைத்த புதிதில் நன்றாகக் குறைகிறது, பழகிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் அவற்றைச் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொல்கிறார்கள். ஆகவே, எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதையே வெற்றியின் அளவாகக் கொண்ட குழுக்கள் ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்து கலைந்துவிடுகின்றன.

நான் பதிவேட்டை வலியுறுத்துவது இதனால்தான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து "எல்லோரும் 60-இல் பறக்கிறார்கள்" என்று சொல்வதை நெடுஞ்சாலைப் பொறியாளர் ஆயிரம் ஊர்களில் கேட்டிருப்பார். அவர் தன் ஆட்களை அனுப்பிச் சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்களைப் பதித்து ஒரு வாரம் அளந்து பார்ப்பார். வண்டியின் சக்கரம் முதல் குழாயை அழுத்தியதற்கும் இரண்டாவதை அழுத்தியதற்கும் இடைப்பட்ட நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். பல ஊர்களில் சராசரி வேகம் மக்கள் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும், 31, 32 என்று வரும், கோப்பு மூடப்படும். ஒடுங்கிய சாலையில் அருகில் கடக்கும் வண்டி உண்மையைவிட வேகமாகத் தோன்றும் என்பதும் உண்மையே. ஆனால் சராசரி சொல்லாமல் விடும் செய்தி ஒன்று இருக்கிறது: காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையே, பள்ளிப் பேருந்து நிற்கும் அதே நேரத்தில், ஒரு திசையில் மட்டும் என்ன நடக்கிறது? மணி, திசை, வேகம் என்று நீங்கள் மாதக்கணக்கில் எழுதிய ஏடு அதைச் சொல்லும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வேகமாக வந்தவர்களை மட்டும் எழுதினால் போதாது. அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை வண்டிகள் கடந்தன என்பதையும் ஒருவர் எண்ணிக் குறிக்கவேண்டும். பதினைந்து பேர் வரம்பை மீறினார்கள் என்பது நூறு வண்டிகளில் என்றால் ஒரு செய்தி, அறுநூறு வண்டிகளில் என்றால் வேறு செய்தி. அதோடு, நாம் பளிச்சென்று தெரியும்படி நிற்பதால் நம் எண்கள் எப்போதும் உண்மை நிலையைக் குறைத்தே காட்டும். பாரிஷ் கவுன்சிலிடம் வேகம் காட்டும் மின்பலகை இருந்தால், அதன் திரையை அணைத்துவிட்டு ஒரு வாரம் பதிவு மட்டும் செய்யவிடுங்கள். பல பலகைகளில் அந்த வசதி இருக்கிறது, எண் தகடு எதையும் அது படிப்பதில்லை. திரை ஒளிரும் வாரம், அணைந்த வாரம், நீங்கள் நின்ற மணிநேரங்கள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அருகருகே வைத்துக் காட்டினால், அதை ஒதுக்கிவிடுவது எளிதல்ல.

அப்படிக் காட்டி என்ன கேட்பது? காவல்துறையிடம், கேமரா பொருத்திய நடமாடும் வேனை இன்ன நாளில் இன்ன நேரத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தங்கள் வேன் எங்கே நிற்கவேண்டும் என்று முடிவெடுக்க ஸ்பீட்வாட்ச் பதிவுகளைப் பயன்படுத்தும் காவல்துறைகள் உண்டு. சாலையைப் பராமரிக்கும் மாவட்ட அளவிலான மன்றமான கவுண்டி கவுன்சிலிடம், ஊர் தொடங்குமிடத்தில் வாயில்போன்ற வெள்ளை மரச்சட்டங்கள், சாலையின் அகலத்தைக் குறைக்கும் ஓரத்திட்டுகள், சாலை நடுவே வரைந்த கோடுகளை அழிப்பது போன்ற மாற்றங்களைக் கேட்கலாம். பணமில்லை என்பார்கள். பாரிஷ் கவுன்சில் தன் வரிப்பணத்திலிருந்து வேகத் தடுப்புப் பணிகளுக்குப் பங்களிக்க 1997-ஆம் ஆண்டிலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது என்பதை உங்கள் உறுப்பினர்களுக்கு நினைவூட்டுங்கள். உங்கள் ஊரின் ஏதாவது ஒரு பகுதி இன்னும் 40-ஆக இருந்தால், 20 வீடுகளும் 600 மீட்டர் நீளமும் உள்ள குடியிருப்பைக் கிராமம் என்று கொண்டு 30 வரம்பையே வழக்கமாக்கவேண்டும் என்ற போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல் உங்களுக்குத் துணை நிற்கும். எல்லைக்கு அப்பால் வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புச் சாலைகளின் இயல்பு வரம்பே 20 ஆகிவிட்டது. இங்கிலாந்தில் அது ஊருக்கு ஊர் போராடிப் பெறவேண்டியதாகவே இருக்கிறது. சராசரி வேகத்தில் ஒரே ஒரு மைல் குறைந்தாலும் விபத்துகள் ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறையும் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. சாலையின் வடிவத்தை மாற்றிக் கிடைக்கும் அந்த ஒரு மைல், நாம் தூங்கும்போதும் குறைந்தே இருக்கும்.

இந்தத் திட்டத்தின்மேல் சொல்லப்படும் ஒரு குறையை நானும் ஏற்கிறேன். 2010-க்கும் 2018-க்கும் இடையே இங்கிலாந்து, வேல்ஸ் காவலர் எண்ணிக்கை ஏறக்குறைய 20,000 குறைக்கப்பட்டது. பிறகு எண்ணிக்கையை உயர்த்தியபோதும், கிராமச் சாலைகளில் ரோந்து வண்டியைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரும் பால்பண்ணைக்காரரும் மேலங்கி மாட்டி நிற்பது அதற்கு ஈடாகாது. 2023-இல் பிரிட்டன் சாலைகளில் 1,624 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நகரங்களில் அல்ல, கிராமப்புறச் சாலைகளில் இறந்தவர்கள். அவ்வளவு பெரிய பொறுப்பைத் தன்னார்வலர் தலையில் இறக்கிவைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது. நம் பதிவேடு காவல்துறையைக் கூப்பிடுவதற்கான கடிதமாக இருக்கவேண்டுமே தவிர, அவர்கள் வராமலிருப்பதற்கான சாக்காக ஆகிவிடக் கூடாது. இதைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக உங்கள் தயக்கம். அது நியாயமானது, நானும் இந்த நாட்டில் பிறந்தவன் அல்லன். சில ஓட்டுநர்கள் ஒலிப்பான் அடித்துக்கொண்டே போவார்கள், கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்வார்கள். எப்போதாவது ஒருவர் வண்டியை நிறுத்தி வாதாட வருவார். மறுமொழி சொல்லாமல் நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, தேவையானால் அன்றைய பணியை அங்கேயே முடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவதுதான் நமக்குக் கொடுக்கப்படும் பயிற்சி. மிரட்டலோ இனத்தைச் சொல்லி வசவோ இருந்தால் அது தனியான குற்றம். காவல்துறை அதைத் தனியாகப் பதிவு செய்யும். ஒருபோதும் தனியாக நிற்கமாட்டீர்கள். யாருடைய வண்டி, எந்த வீடு என்ற விவரம் உங்களுக்கு ஒருபோதும் சொல்லப்படாது. எண் தகடு எழுதிய தாளைக் குழு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது. பிறருடைய விவரங்களைக் காக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது: ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வண்டியின் படத்தைப் போட்டு "இவர்தான் வேகமாகப் போகிறவர்" என்று எழுதுகிற உறுப்பினர் குழுவில் இருக்கத் தகுதியற்றவர்; அண்டை வீட்டாரோடு உள்ள பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள வருகிறவரும் அப்படியே.

எனக்கு நேர்ந்த அனுபவமும் ஒன்று உண்டு. குடிவந்த புதிதில் பெயர்கூடத் தெரியாமல் தலையசைத்து மட்டும் போய்க்கொண்டிருந்த அண்டை வீட்டார் பலரை, அந்தப் புல்வெளி ஓரத்தில் நின்றபோதுதான் நன்றாகப் பழகிக்கொண்டேன். எந்த வளைவில் யாருடைய நாய் அடிபட்டது, எந்த மூதாட்டி சாலையைக் கடக்கப் பயந்து கடைக்குப் போவதையே விட்டுவிட்டார் என்பதெல்லாம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராத செய்திகள். அவற்றையும் தேதியோடு ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். கவுண்டி அலுவலர் வரும் நாளில் எண்களுக்குப் பக்கத்தில் அவற்றையும் வைக்கவேண்டியிருக்கும்.

சேர்வதற்கு முன் பாரிஷ் எழுத்தரிடம் நான்கு செய்திகளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: காவல்துறை ஒப்புதல் தந்த இடங்கள் எவை, கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, பணியிலிருக்கும்போது தன்னார்வலருக்குக் காப்பீடு யார் பெயரில் உள்ளது, பதிவுகளின் மாதத் தொகுப்பு கவுன்சில் கூட்டத்தில் வைக்கப்படுமா? நான்காவது கேள்விக்கு "இல்லை" என்று விடை வந்தால், நீங்கள் சேர்ந்து செய்யவேண்டிய முதல் வேலையே அதுதான்.